வெற்றுப் பீடத்தின் காவலர்

என் பெரியப்பா தம் அரசுப் பணிக்காலம் முழுவதும், இல்லாத ஒரு சிலைக்குக் காவல் இருந்தார். உறவினர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிச் சிரிப்பதால், நடந்ததை நடந்தபடியே எழுதி வைக்கிறேன்.

நாட்டு விடுதலைக்குத் தலைமை தாங்கியவர், தமக்குச் சிலை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு இறந்தார். அந்நியனை இறக்கிவிட்டு அதே பீடத்தில் தம்மை ஏற்றினால் மாறுவது முகம் மட்டுமே. சுதந்திர நாட்டில் எவரும் எவரையும் அண்ணாந்து பார்க்கத் தேவையில்லை. அரசும் மனிதனுக்காகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அரசு அதை மதித்தது. மதித்தது எல்லோருக்கும் தெரிய வேண்டுமே என்று, தலைமைச் செயலகத்துக்கு எதிரே ஒரு கருங்கல் பீடம் கட்டி, அதைக் காலியாக விட்டது. தொண்டர்கள் யாரேனும் இரவோடு இரவாகச் சிலையைக் கொண்டுவந்து நட்டுவிடாதிருக்க ஒரு காவலரையும் நியமித்தது. கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த பெரியப்பா, தலைவரின் கூட்டங்களில் தடியடி பட்டவர் என்ற தகுதியால் அந்த வேலையைப் பெற்றார்.

பீடம் உயரமானது. கீழே நின்றால் மேற்பரப்பு தெரியவில்லை. ஆகவே மேலே ஏறி நின்றார். சாப்பாட்டுத் தூக்கைப் பெரியம்மா கயிற்றில் கட்டி அனுப்புவார். சில நாட்களிலேயே வழிப்போக்கர்கள் கும்பிடத் தொடங்கினர். தலைவரின் பிறந்தநாளில் அமைச்சர் ஒருவர் மாலையுடன் ஏணியில் ஏறினார்.

"ஐயா, நான் காவக்காரன்."

"தெரியும்பா. கொஞ்சம் குனி, கழுத்து எட்டல."

பெரியம்மாவுக்குத்தான் ஆறவில்லை. "வீட்ல பல்பு மாட்ட ஸ்டூல்ல ஏறச் சொன்னா தலை சுத்துதும்பாரு இந்த மனுஷன்" என்பார்.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. "நீங்க வராம எனக்குக் கல்யாணமே வேண்டாம்ப்பா" என்று அவள் சொல்லிவிட்டாள். பெரியப்பா விடுப்புக் கேட்டு அதிகாரியின் அறைக்குப் போனார்.

"நீ எறங்கினா பீடம் காலியாயிடுமேய்யா."

"காலியாத்தானே சார் இருக்கணும்?"

"காலியா இருக்கணும்னாத்தான்யா நீ மேல இருக்கணும்."

"மனுஷனுக்காகத்தான் அரசாங்கம்னு தலைவரே சொல்லியிருக்காரு சார்."

"அதை மதிக்கத்தானேய்யா உன்னை நிறுத்தி வெச்சிருக்கோம்."

வேலையே வேண்டாம் என்று பெரியப்பா தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அதிகாரி தொப்பியை அவர் பக்கமே தள்ளிவிட்டு, விடுப்புக் கொடுத்தார்.

கல்யாணத்தில் முன்வரிசை நாற்காலியில் யார் பிடித்து உட்கார வைத்தாலும் பெரியப்பா எழுந்துவிட்டார். சாப்பிட்டதுகூட நின்றபடிதான். மகள் கைகழுவத் தண்ணீர் ஊற்றியபோது மட்டும் குனிந்தார்.

விடுப்பு முடிந்து திரும்பியபோது பீடத்தின்மேல் ஒரு சிமெண்டுச் சிலை நின்றது. காக்கிச் சட்டை, தடி, அவருடைய மூக்கு.

"எவன் சிலையையும் வைக்க முடியாதபடி உன் சிலைய வெச்சிட்டோம்" என்றார் அதிகாரி. "தலைவர் வார்த்தைய மீறல பாரு."

"அப்ப நான் சார்?"

"நீதான் மேல நிக்கிறியேய்யா. ஒரு வேலைக்கு ரெண்டு பேரு எதுக்கு?"

பெரியப்பா கிடங்குக்கே திரும்பினார். சிலையைக் காக்கப் புதிதாக ஒருவர் வந்தார். பெரியப்பா அந்தப் பக்கம் போனால், பார்க்க வருபவர்கள் குழம்புகிறார்கள் என்று அந்தப் புதியவர் விரட்டிவிடுவார். விடுப்பே எடுக்காமல் இருந்திருக்கலாமே என்று நான் ஒருமுறை கேட்டேன். மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"போடா. கல்யாணத்தப் பாத்தவன் நான். அங்க மேல நிக்கிறவனுக்குப் பொண்ணு ஏது?"