மூன்று முறை கேட்டான்

வெர்னா டாக்கெட் சட்டக் கல்லூரிக்கு வந்தபோது அவளுக்கு முப்பத்தொரு வயது. அதற்கு முன் கென்டக்கி மலைப்பக்கம் ஒரு மருந்துக்கடையில் எட்டு வருடம் நின்றவள். நான் கல்லூரிக் கட்டடத்தைத் துப்புரவு செய்கிறவள். மாணவர்களே நடத்தும் சட்ட இதழுக்கு இரண்டாம் மாடியில் ஓர் அறை உண்டு. மதியம் நான் கூட்டப் போனால் மற்றவர்கள் கால்களைத் தூக்கிக்கொள்வார்கள். வெர்னா எழுந்து நிற்பாள்.

இதழுக்கு வரும் கட்டுரைகளை அவர்கள் வரிவரியாகச் சரிபார்ப்பார்கள். ஒரு தகவல் சொன்னால் அதற்கு ஆதாரமான தாள் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எவ்வளவு பெரிய பேராசிரியர் எழுதியிருந்தாலும் அந்த வரி போய்விடும். மூன்றாம் வருடம் வெர்னா அந்த வேலைக்குத் தலைவியானாள். "அவங்ககிட்ட குட்மார்னிங் சொல்லிடாதீங்க, விடிஞ்சதுக்கு ஆதாரம் கேப்பாங்க" என்று பையன்கள் கேலி செய்வார்கள். அவளும் சிரிப்பாள்.

அந்த வருடம் அவளுடைய கட்டுரையும் தேர்வானது. எழுதியவர் பெயரை மறைத்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். விசாரணைக்கு முன் மாவட்டச் சிறையில் கிடப்பவர்களுக்கு மருந்து கொடுப்பது யார் பொறுப்பு என்பதைப் பற்றியது. அதில் ஒரு வரி: 'இன்சுலின் வேண்டுமென்று ஒருவன் மூன்று முறை கேட்டான், நான்காம் நாள் இறந்தான்.'

அது அவள் தம்பி டாயில். சோள ரொட்டியைப் பிட்டு எனக்கும் கொடுத்தபடி ஒரு நாள் சொன்னாள்: "அவன் பேர் வேணாம் மிஸ் ஓப்பல். அவன் கேட்டான், இவங்க குடுக்கலைன்னு அச்சுல இருந்தாப் போதும்."

தன் கட்டுரையைத் தானே சரிபார்க்கக் கூடாது. இதழாசிரியனாக இருந்த விட்லோ என்ற நகரத்துப் பையன் பார்த்தான். இறப்புச் சான்றிதழ் இருந்தது. கேட்டதற்குத்தான் தாள் இல்லை. சிறைப் பதிவேடு வெள்ளத்தில் போய்விட்டது என்று பதில் வந்திருந்தது. அம்மாவிடம் ஒரு கடிதம் வாங்கச் சொன்னான் விட்லோ.

கடிதம் வந்த அன்று நான் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன். விட்லோ அதைப் படித்தான். திங்கட்கிழமை டாயில் போனில் பேசினான், மருந்து கேட்டும் தரவில்லை என்றான், அதற்குப் பிறகு பேசவில்லை என்று பென்சிலில் எழுதியிருந்தாள் அந்த அம்மா.

"மத்த ரெண்டு தடவை?" என்று வெர்னாவிடம் மெதுவாகக் கேட்டான்.

நான் வெளியே போயிருக்க வேண்டும். துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தேன்.

வெர்னா ஒரு தாளை எடுத்து வைத்தாள். தொலைபேசி நிறுவனம் தந்த பட்டியல். சரிபார்க்க உட்கார்ந்தால் எல்லோரும் போனை வாசலில் ஒரு கூடையில் போட்டுவிட வேண்டும் என்பது அங்கே பழைய வழக்கம். முந்தின வருடம் அக்டோபரில், செவ்வாய் ஒன்று, புதன் ஒன்று, சிறையிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்திருக்கிறது. அவள் உள்ளே யாருடைய கட்டுரைக்கோ பக்க எண் தேடிக்கொண்டிருந்தாள். சிறைக்குத் திருப்பிக் கூப்பிட வழியில்லை. வியாழன் அவன் இல்லை.

விட்லோ அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "இதையே ஆதாரமாப் போட்டுடலாம். நான் கையெழுத்துப் போடறேன்."

"அவன் கூப்பிட்டான்னுதான் இது சொல்லுது. என்ன கேட்டான்னு சொல்லலையே. நான் எடுத்திருந்தாத்தானே தெரியும்."

"மருந்துக்குத்தான் கூப்பிட்டிருப்பான். வேற எதுக்கு?"

"வேற யாராவது இப்படி எழுதியிருந்தா நான் விட்டிருப்பேனா?"

அவளே பென்சிலை எடுத்து 'மூன்று' என்பதை அடித்து 'ஒரு' என்று எழுதினாள்.

படித்து முடித்ததும் ஊருக்கே போய் ஏழைகளுக்கு வழக்காடுகிறாள். போன குளிர்காலம் இங்கே ஏதோ வேலையாக வந்தவள் என்னைத் தேடி வந்தாள். வேறொரு மாவட்டச் சிறையில் ஒரு பெண் இறந்துபோன வழக்கில் அவள் கட்டுரையைக் காட்டியிருக்கிறார்களாம். அந்தப் பெண்ணின் பக்கம் இல்லை, சிறையின் பக்கம். அந்தக் கட்டுரையில் வருகிறவனே ஒரு முறைதான் கேட்டான், ஒரு முறை கேட்டதை வைத்துக் காவலர்மேல் குற்றம் சொல்ல முடியாது என்று.

கையோடு கொண்டுவந்திருந்த வழக்குத் தாளில் அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"சரியாத்தான் எடுத்திருக்காங்க மிஸ் ஓப்பல்," என்றாள். "பக்க எண்கூடச் சரி."