பியானோவுக்குள் எரியாத பல்பு

நான்தான் அந்தப் பல்பை அணைத்து வைத்தேன். மறந்துபோய் அல்ல. வேண்டுமென்றே!

எஹலியகொடைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தேவாலயத்தில் ஒரு பியானோ நிற்கிறது. துரை பங்களாவில் எலிகள் கூடு கட்டியிருந்த பியானோ. அதைப் பாட வைக்கிறோம் என்று ஃபாதரிடம் வீறாப்பாகச் சொன்னது நானும் என் தோழி ஷர்மிளாவும். ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்தோம். யூடியூப் பார்த்தே வேலை பழகினோம். கொழும்புப் பியானோப் பட்டறைக்காரர் ஒருவரிடமிருந்து புதுக் கம்பிகளும், கட்டைகளுக்கு உள்ளே ஒட்டும் புதுக் கம்பளித் துணியும் வந்தன. ஒவ்வொரு கட்டையாகக் கழற்றித் துணி ஒட்டியது நான். அதில் என் கைதான் வேகம்.

ஆனால் காது? காது அவளுடையது...

நான் கைப்பேசியில் சுருதி காட்டும் முள்ளைப் பார்த்துக் கம்பியை முறுக்குவேன். அவளோ சன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "இன்னும் கொஞ்சம் ஏத்துடி" என்பாள். அவள் போதும் என்கிற இடத்தில் முள்ளும் சரியாக நிற்கும். எனக்கு எப்படி எரிந்திருக்கும்!

பட்டறையில் ஒரு ஆளுக்கு வேலை இருந்தது. முதல் தடவை வாசிக்கும் ஞாயிறன்று, தானே வந்து கேட்டு ஆளை எடுப்பதாகப் பட்டறைக்காரர் சொல்லியிருந்தார். யாரை எடுப்பார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. எனக்கும் இல்லை. அதுதான்...

எங்கள் பக்கத்து மழைக்குக் காலில் போடும் சப்பாத்தே பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே ஈரம் ஏறாதிருக்கப் பியானோவின் அடியில் சூடாகும் பழைய ரகப் பல்பு ஒன்று இரவுபகலாக எரிய வேண்டும். சாவி என்னிடம், பல்பு என் பொறுப்பு. கடைசி வாரம் முழுக்க அடைமழை. மாலையானால் ஷர்மிளா ஃபோனில் கேட்பாள்.

"பல்பு எரியுதாடி?"

"எரியுது."

ஞாயிறு காலையில்தான் அதைப் போட்டேன்.

ஷர்மிளா வாசிக்க உட்கார்ந்தாள். அழுத்திய கட்டைகளில் பாதி மேலே எழும்பவில்லை. கோயில் நிறைய சனம். என்ன கோளாறு என்று பட்டறைக்காரர் கேட்டார். அவள் குனிந்து பார்த்தாள், பல்பு எரிந்துகொண்டிருந்தது.

நான் முந்திக்கொண்டேன். "ஈரம் சார். புதுத்துணி ஊதிருச்சுங்க. கழட்டி காயவச்சா சரியாயிரும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

வேலை எனக்குக் கிடைத்தது!

எனக்குக் கிடைக்க வேண்டும் என்றுகூட நான் நினைக்கவில்லை. அவளுக்குக் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான். இது அதைவிடக் கேவலம் இல்லையா? நீங்களே சொல்லுங்கள்.

பஸ் ஏற்றிவிட வந்தவள், என் பையைத் தூக்கித் தந்துகொண்டே, "ஒத்த பல்பு பத்தலடி. நாந்தான் யோசிக்கல" என்றாள். நான் சன்னலோரமாக இடம் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

இப்போது தேவாலயச் சாவி அவளிடம். அங்கே மழை வலுத்தால், பட்டறையில் இருக்கும் எனக்கு அழைப்பு வரும்.

"ரெண்டு பல்பு போட்டிருக்கேன்டி. ரெண்டும் எரியுது."

"சரி" என்கிறேன்... ஒவ்வொரு மழைக்கும்.