நாத்தனாருக்குக் கற்றுக்கொடுத்த பீட்சா

நான் பீட்சா செய்யக் கற்றுக்கொண்டது ஆசையால் இல்லை, ஆத்திரத்தால். இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

என் வீட்டுக்காரரின் தங்கையைக் கருவடிக்குப்பத்தில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் வீட்டில் கொடுத்திருக்கிறோம். அவள் மாமனார் அந்த நாட்டுப் பட்டாளத்தில் இருந்தவர். கணவனின் அண்ணன் குடும்பம் பாரிஸில் இருக்கிறது. நாங்கள் உப்பளத்தில், மில் வேலைக்குப் போன என் மாமனார் பிடித்த அதே வாடகை வீட்டில்தான் இன்னமும் இருக்கிறோம். அவளும் இங்கே பிறந்து, இதே அடுப்பில் வெந்ததைத் தின்று வளர்ந்தவள்தான். கல்யாணமான மறுவருஷமே அதெல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று.

அவள் மகன் பிறந்தநாளுக்குக் கடற்கரைப் பக்கம் விறகடுப்பில் பீட்சா சுடுகிற ஒரு ஹோட்டலுக்கு எங்களையும் கூப்பிட்டாள். என் மகளுக்கு அப்போது ஒன்பது வயசு. அதுவரை பீட்சாவை டிவி விளம்பரத்தில் மட்டும் பார்த்தவள். இரண்டு துண்டு தின்றுவிட்டு மூன்றாவதுக்குக் கை நீட்டினாள். மேஜையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி அத்தைக்காரி சொன்னாள்:

"போதும்டி. ஆளுக்கு ரெண்டுதான். இது என்ன உங்க வீட்டுத் தோசையா?"

சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அதற்கு அவர் வீட்டுக்கு வந்து வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. பிள்ளை எடுத்த துண்டைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். அதற்குப் பிறகு யார் வீட்டுக்குப் போனாலும், ஒரு பிஸ்கட் எடுப்பதற்குக்கூட என் முகத்தைப் பார்த்தாள். என் பிள்ளையை எதை வைத்துக் கூசவைத்தாளோ, அதை வைத்தே அவளைக் கூசவைக்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினேன்.

எங்களிடம் ஓவன் கிடையாது. தோசைக்கல்லும் ஒரு அலுமினிய மூடியும்தான். மைதாவும் ஈஸ்டும் பெரிய செலவில்லை. தக்காளி மலிகிற நாளாகப் பார்த்து வாங்கி, பூண்டும் மிளகாய்த்தூளும் போட்டுத் தொக்கு மாதிரி சுண்டவைத்தேன். ஹோட்டலில் மேலே தூவுகிறார்களே ஒரு காய்ந்த இலை, அதற்குப் பதிலாகத் தொட்டியில் இருந்த கற்பூரவல்லியைக் காயவைத்து நொறுக்கினேன். வாசனை கிட்டத்தட்ட அதுவேதான். சீஸ்தான் கையைக் கடித்தது. வீட்டிலேயே பாலைத் திரித்துப் பனீர் எடுத்து, பாதிக்குப் பாதி கலந்து சமாளித்தேன்.

தினமும் மாவு பிசைய நேரம் ஏது? ஒரே நாளில் மொத்தமாகச் செய்து ஃப்ரீசரில் வைக்கலாம் என்று பார்த்தால், அங்கே சுறா இருந்தது. முதல் பீட்சா சுறாப்புட்டு வாசனையோடு வெளியே வந்தது. அடுத்த தடவை இன்னொரு கூத்து. மீனைச் சமைக்கும் முன்னால் ஐஸ் கரைய வெளியே எடுத்து வைப்போம் அல்லவா, அந்தப் பழக்கத்தில் இதையும் காலையிலேயே எடுத்து வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் தக்காளித் தண்ணீரில் ஊறிக் களியாகக் கிடந்தது. கல்லில் போட்டால் அடி கருகியது, மேலே கூழாகவே நின்றது. தெருநாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துபோயிற்று.

பட்டுப் பட்டுத்தான் பக்குவம் வந்தது. மாவைத் தட்டி, இரண்டு பக்கமும் அரைவேக்காடாகச் சுட்டு, நன்றாக ஆறவிட்டு, அதன் மேல் தொக்கும் சீஸும் பரப்பி ஃப்ரீசரில் வைக்க வேண்டும். வேண்டும்போது, கல்லாட்டம் உறைந்திருக்கும்போதே எடுத்து நேராகத் தோசைக்கல்லில் வைக்க வேண்டும். தீ சின்னதாக இருக்க வேண்டும். ஓரத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து மூடினால், அடி மொறுமொறுவென்றும் சீஸ் உருகியும் வரும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் மகளே சுட்டுக்கொள்கிற அளவுக்குத் தேறிவிட்டாள்.

புரட்டாசி வந்தது. எங்கள் வீட்டில் மீனுக்கு விடுமுறை, ஃப்ரீசர் காலி. சோடா உப்பு போட்டுத் துடைத்துவிட்டு, மாதம் முழுக்கப் பீட்சாவாகச் செய்து அடுக்கினேன். ஐப்பசியில் நாத்தனாரின் சின்னப் பெண்ணுக்குக் காதுகுத்து.

தாய்மாமன் வீட்டுச் சீரை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் கிடையாது. பிள்ளையைப் பெற்றவள் இரண்டு கையும் நீட்டி வாங்கி, சபை நடுவே வைக்க வேண்டும். தின்கிற பொருளானால் வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்க வேண்டும். பழத்தட்டு, பூத்தட்டு, பட்டுப்பாவாடைத் தட்டு எல்லாவற்றுக்கும் பின்னால், கண்ணாடித்தாள் சுற்றிய தட்டுகளில் என் பீட்சாவும் போயிற்று. என்ன அண்ணி இது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். சீர் என்றேன். வாங்கினாள். வாங்காமல் எங்கே போவாள்?

தட்டுகளில் பார்வைக்கு வைத்தது போக மீதியை ஐஸ் பெட்டியில் உறைந்தபடியே கொண்டுபோயிருந்தேன். மொட்டைமாடியில் சமையல்காரரின் பெரிய கல்லைக் கேட்டு வாங்கி நானே சுட்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் கேட்டது கேட்டபடி கொடுத்தேன். அவளுடைய மாமியார் பாரிஸில் மூத்த மகனோடு பல வருஷம் இருந்து வந்தவர். ஒரு துண்டு தின்றார், இன்னொன்று கேட்டார், பிறகு எல்லார் முன்னாலும் மருமகளைக் கூப்பிட்டார். டிசம்பரில் பெரியவன் குடும்பம் வருகிறது, இந்த அண்ணியிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு வீட்டிலேயே செய்து போடு, ஹோட்டலில் காசைக் கொண்டுபோய்க் கொட்டாதே என்றார். அவள் முகம் கருத்துப்போனதைக் கண்குளிரப் பார்த்தேன்.

ஆனாலும் மனசு ஆறவில்லை. என் மகள் அன்றைக்கு ஒரு துண்டுகூடத் தொடவில்லை. அத்தை இருந்த பக்கம் திரும்பாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வாரமே நாத்தனார் கற்றுக்கொள்ள வந்தாள். ஒன்றையும் மறைக்காமல்தான் சொல்லிக்கொடுத்தேன். கற்பூரவல்லியைக்கூடப் பறித்துக் கொடுத்தேன். எல்லாம் முடிந்து கிளம்பும்போது அவளாகவே கேட்டாள்:

"மீன் மாதிரி, ஐஸ் கரைய வெளிய எடுத்து வெச்சுட்டுத்தானே அண்ணி சுடணும்?"

இல்லை என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். அடுப்பைத் துடைத்தபடியே "ம்" என்றேன்.

அவளுக்கு என் மேல் எப்போதுமே ஒரு சந்தேகம். கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த என் மகளிடம் திரும்பி, உங்கம்மா அப்படித்தான் செய்வாளா என்று கேட்டாள். எனக்குக் கை நின்றுவிட்டது. பிள்ளைக்கு என்ன தெரியும், உண்மையைச் சொல்லிவிடும் என்று நினைத்தேன்.

"ஆமா அத்தை," என்றாள் அவள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல். "நல்லா கரையணும். காலையிலயே எடுத்து வெச்சிடுங்க."

நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளவே இல்லை.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. அடி கருகிப்போச்சு, மேலே கூழ் மாதிரி இருந்தது என்றாள். பாரிஸ் பிள்ளைகள் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினார்களாம். உப்பளத்துக்காரி ஒரு தோசைக்கல்லை வைத்துச் செய்ததை உன்னால் இத்தனை சாமானை வைத்துக்கொண்டு செய்ய முடியவில்லையா என்று மாமியார் கேட்டாராம். குரல் உடைந்திருந்தது.

"நீங்க சொன்ன மாதிரியேதான் அண்ணி செஞ்சேன்."

"செஞ்சிருப்பம்மா. ஆனா கைப்பக்குவம்னு ஒண்ணு இருக்குல்ல," என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மகள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். யார் போனில், என்ன ஆயிற்று என்று எதுவும் கேட்கவில்லை.

"எல்லாரும் இருந்தாங்களாம்மா?" என்றாள்.

"இருந்தாங்க."

தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு, என் முகத்தைப் பார்க்காமலே போய் ஃப்ரீசரைத் திறந்து பீட்சாவை எடுத்து வந்தாள். நான் கல்லைப் போட்டேன். அவளாகப் போதும் என்கிற வரைக்கும் சுட்டேன்.