கயிற்றின் இன்னொரு முனை

இரண்டு வருஷமாக, வெள்ளிக்கிழமையானால் பள்ளிக்கூடத்து கேட் கொக்கியில் ஒரு கறுப்பு கேரி பேக் தொங்கும். உள்ளே ஒரு குழம்புக்கு ஆகிற இறால், தோலுரித்து, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பையும் எடுத்தது. பள்ளிக்கூடத்து ஆயா ஃப்ளோரன்ஸுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கி, உரிக்க வராது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மாட்டிவிட்டுப் போகும் சிவந்தியும் எதுவும் கேட்டதில்லை. நன்றி சொல்ல வாயெடுத்தால், “வித்தது போக மிச்சம்க்கா, பூனைக்குப் போட வச்சிருந்தேன்” என்று நடையைக் கட்டிவிடுவாள். காலை எட்டரை மணிக்கு, ஒரு கூறுகூட விற்காத அன்னக்கூடையில் மிச்சம் எங்கிருந்து வரும்?

சிவந்திக்கு முகத்துவாரக்குப்பம். புருஷன் விசைப்படகில் போனால் பத்து நாள் கழித்துத்தான் கரை. இவள் எண்ணூர்த் தெருக்களில் இறால் விற்பாள். “இன்னாம்மே, செத்து நாலு நாள் ஆச்சா?” என்று யாராவது சீண்டினால், “காலைல வரிக்கும் உன்ன மாறியே துள்ளிகினு இருந்துச்சு, நீ வெல கேட்டதும்தான் பூட்ச்சு” என்பாள்.

மகள் சினேகாவுக்கு ஆறு வயது. பேச்சு நாலைந்து சொல்தான். கால் மட்டும் ஓரிடத்தில் நிற்காது. தண்ணீரைக் கண்டால் பாய்ந்துவிடும். அதனால், கரையில் இறால் உரிக்க உட்காரும்போது பிள்ளையின் இடுப்பில் வலைக்கயிறு ஒன்றைக் கட்டிக்கொள்வாள். குப்பத்தில் அதை யாரும் ஒரு மாதிரி பார்ப்பதில்லை. இந்த வருஷம் பள்ளியில் சேர்த்த அன்று ஜானட் டீச்சரிடமும் வெள்ளந்தியாகச் சொல்லிவைத்தாள்: “ஓடிகினே கீது டீச்சர். வூட்ல நாங்க கட்டித்தான் வச்சிருப்போம்.”

டீச்சர் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார். நாற்பது பிள்ளைகளை மேய்க்கிறவர். இரண்டாவது வாரம், “அவங்கம்மாவே சொன்னாங்களே ஆயாம்மா, நாற்காலியோட கட்டிடுங்க” என்றார். ஃப்ளோரன்ஸ் தன் பழைய நீலச் சேலையைக் கிழித்துப் பிள்ளையின் கையை நாற்காலியோடு கட்டினாள். முடிச்சுப் போடும்போது அருள் நிறைந்த மரியே ஜெபம் சொன்னாள். பாதியில் நாக்கு நின்றுபோனது. அப்படி மூன்று நாள் கட்டினாள்.

நாலாம் நாள் இறால் சீக்கிரம் தீர்ந்துவிட, சிவந்தி பதினொரு மணிக்கே வந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். தலையில் காலிக் கூடையோடு உள்ளே வந்து, அப்படியே மண்டியிட்டு, ஒரு கையால் அவிழ்த்தாள். பிள்ளையின் மணிக்கட்டில் சிவந்த தடம். எச்சில் தொட்டுத் தடவினாள்.

“நீங்கதானேம்மா கட்டுவோம்னு சொன்னீங்க?” என்றார் டீச்சர்.

“சொன்னேன் டீச்சர். எல்லாம் என் வாய்தான்.” முந்தானையை விலக்கித் தன் இடுப்பைக் காட்டினாள். கயிறு உரசி உரசிக் காய்த்துப்போன கறுப்பு வளையம். “எங்க கவுத்துக்கு இன்னொரு முனை தோ, இங்க கீது. அது ஓடுனா நானும் கூட ஓடணும். நீங்க நாற்காலில கட்டிக்கீறீங்க. நாற்காலி ஓடுமா?”

சிவந்தி அந்த நீலத்துணியை மடித்து ஃப்ளோரன்ஸின் கையில் கொடுத்தாள். அது யாருடைய சேலை என்று அவளுக்குத் தெரியும்.

பெரிய டீச்சர் அறையில், “கட்டினது யாரு?” என்று விசாரணை வந்தது. பதினோரு வருஷத்து வேலை இன்றோடு போயிற்று என்று ஃப்ளோரன்ஸ் சுவரோடு ஒட்டி நின்றாள். சிவந்தி அவள் பக்கம் திரும்பவே இல்லை.

“கட்ன கை எதுக்கும்மா? நாளைலேர்ந்து எம்பொண்ணு கையப் புடிக்கப்போற கை எதுன்னு சொல்லுங்க. இனிமே எந்தப் புள்ளையையும் கட்ட மாட்டோம்னு எழுதிக் குடுங்க. அதான் எனக்கு வோணும்.”

“நா புடிச்சிக்கிறேம்மா,” என்றாள் ஃப்ளோரன்ஸ்.

எழுதிக் கொடுக்கச் சாயங்காலம் ஆயிற்று; அதுவரை சிவந்தி கூடையோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை கேட் பக்கம் போக ஃப்ளோரன்ஸுக்குக் கால் எழவில்லை. போய்ப் பார்த்தால், பை தொங்கியது. இறால் உரித்தே இருந்தது.

முழுப் பரீட்சை முடிந்து லீவு விட்ட அன்று, சினேகாவின் கையை ஒப்படைக்கும்போது, மாசக்கணக்காகத் தொண்டையில் நின்றதை ஃப்ளோரன்ஸ் சொல்லிவிட்டாள். “நாந்தாம்மா கட்டுனேன். என்ன மன்னிச்சிக்கோ.”

சிவந்தி கூடையிலிருந்து வலைக்கயிற்றை எடுத்தாள். ஒரு முனையை மகளின் இடுப்பில் கட்டினாள். மறுமுனையை ஃப்ளோரன்ஸின் வீங்கிய விரல்களுக்குள் வைத்து மூடினாள்.

“லீவுல ஒரு நா குப்பத்துக்கு வாக்கா. வந்து இத நீ இடுப்புல கட்டிக்கோ. நா ஒரு மணி நேரம் தூங்கணும்.”