ஈரலில் ஏறிய லட்டு

டெல்லியில் தீபாவளி மாதம் வந்துவிட்டால் வாயைத் திறந்து பேசக் கூடாது. திறந்த வாயில் யாராவது ஒரு லட்டை வைத்துவிடுவார்கள். நம் ஊரில் இனிப்பைத் தட்டில் வைத்து நீட்டுவார்கள். எடுப்பதும் எடுக்காததும் நம் பாடு. இங்கே அந்தச் சுதந்திரம் கிடையாது. "மூ மீட்டா கரோ", அதாவது வாயை இனிப்பாக்கிக்கொள் என்று சொல்லிக்கொண்டே தங்கள் கையாலேயே உள்ளே தள்ளிவிடுவார்கள். நான் ஜனக்புரியில் எலெக்ட்ரீஷியன். தீபாவளிக்கு முந்தைய வாரமெல்லாம் வீடு வீடாக சீரியல் பல்பு கட்டுவதுதான் பிழைப்பு. போன தீபாவளிக்கு ஒரு வீட்டில் ஏணி உச்சியில், இரண்டு கையிலும் வயர், பல்லிடுக்கில் டேப் என்று நின்றுகொண்டிருந்தேன். அந்த வீட்டு அம்மாள் பால்கனிக்கு வந்து, என் பல்லிலிருந்து டேப்பை உருவி, அந்த இடத்தில் ஒரு லட்டை வைத்துவிட்டுப் போனார். கரண்ட் அடித்தால்கூடக் கையை உதறலாம். லட்டு அடித்தால் முழுங்கத்தான் வேண்டும்.

மற்ற வருடமாக இருந்தால் இதெல்லாம் எனக்குக் கொண்டாட்டம். இந்தத் தடவை என் வயிறு எனக்கு மட்டும் சொந்தமில்லை. உள்ளே இருக்கும் ஈரலில் பாதி என் அக்காவுக்குப் போகவேண்டியது. அக்கா பெயர் தனம். விருதுநகர்ப் பக்கம்தான் ஊர். வாழ்நாளில் கோலி சோடாவைத் தவிர வேறு பாட்டிலைத் தொடாதவள். அவளுக்குப் போய் ஈரல் சுருங்கிவிட்டது. மாற்று ஈரல் வைத்தால்தான் பிழைப்பாள் என்றார்கள். மச்சானுக்கு ரத்த வகை சேரவில்லை. அவள் மகனுக்கு வயது போதாது. மிச்சம் இருந்தது நான். சிறுவயதிலிருந்தே எதற்கும் உதவாதவன் என்று பெயரெடுத்தவனுக்குள் இப்படி ஒரு சரக்கு இருப்பது அன்றைக்குத்தான் சொந்தக்காரர்களுக்குத் தெரியவந்தது. இங்கேயே பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ளலாம் என்று அக்காவை டெல்லிக்கு அழைத்து வந்தேன்.

ஸ்கேன் எடுத்த டாக்டர் திரையில் என் ஈரலைக் காட்டினார். நான் எட்டாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடத்தோடு மனமொத்துப் பிரிந்துவிட்டவன். படம் புரியவில்லை. ஆனால் ஈரல் நன்றாகப் பளபளவென்று தெரிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"அச்சா ஹை நா, டாக்டர் சாப்? பெருசா இருக்குல்ல?" என்று என் ஹிந்தியில் கேட்டேன்.

"பெரிசுதான். ஆனா ஈரல் கொஞ்சம், கொழுப்பு நிறைய" என்றார் அவர். "இப்படியே வெட்டிக் கொடுக்க முடியாது. எண்ணெய், நெய், இனிப்பு எல்லாத்தையும் நிறுத்துங்க. எடையைக் குறைங்க. புது வருஷம் பிறந்ததும் மறுபடி ஸ்கேன். அதுக்கு மேல உங்க அக்காவால காத்திருக்க முடியாது."

வெளியே வந்ததும் அக்கா கேட்டாள், "என்னடா சொன்னாரு?"

"எனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னாரு."

"இதைச் சொல்றதுக்கா இம்புட்டுப் பெரிய மெஷினு? என்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லிருப்பேனே."

சத்தியமாக நான் பிறவிக் குண்டன் இல்லை. முதன்முதலில் டெல்லிக்கு வந்து முனிர்காவில் ஓர் அறையில் பல பேரோடு ஒண்டியிருந்தபோது, பக்கவாட்டில் திரும்பினால் காணாமல் போகிற உடம்பு எனக்கு. சுவருக்கும் பீரோவுக்கும் நடுவில் புகுந்து ஸ்விட்ச் மாற்றுவதற்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். முதல் குளிர்காலத்தில் ஒரு பராட்டா தின்றேன். அதன்மேல் வெண்ணெய்க் கட்டி ஒன்று உட்கார்ந்து உருகிக்கொண்டிருந்தது. குளிருக்கு நல்லது என்றார்கள். அதிலிருந்து எனக்கு வருடம் முழுக்கக் குளிர்தான். இப்போது சுவருக்கும் பீரோவுக்கும் நடுவில் என் கை மட்டும்தான் போகும். அதுவும் முழங்கை வரைக்கும்.

சாப்பாட்டைக் குறைப்பது ஒன்றும் கஷ்டமில்லை, வீட்டில் இருந்தால். மனைவி மல்லிகா எனக்கும் சேர்த்து அக்காவின் உப்பில்லாக் கஞ்சியையே வைத்துவிட்டாள். ஆனால் டெல்லியில் தீபாவளி என்பது ஒரு நாள் இல்லை. அதற்கு முன்னால் சீட்டாட்டப் பார்ட்டி, அப்புறம் தீபாவளிப் பார்ட்டி, அது முடிந்ததும் கல்யாணங்கள், அப்புறம் வருடக் கடைசிப் பார்ட்டி. நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம். கீழே வீட்டுக்காரர் மல்ஹோத்ரா ஆண்ட்டி. தங்கமான மனுஷி. அந்த அம்மாள் வீட்டு விசேஷத்துக்கு நான் போகாவிட்டால் கோபித்துக்கொள்வார். போனால் ஊட்டிவிடுவார். "பஸ் ஏக்" என்பார். ஒன்றே ஒன்று என்று அர்த்தம். டெல்லியில் ஒன்று என்கிற எண்ணுக்கு முடிவே கிடையாது.

முதல் பார்ட்டியில் எனக்குச் சர்க்கரை வியாதி என்று பொய் சொன்னேன். ஆண்ட்டி முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே போய் ஒரு தனி டப்பாவைக் கொண்டுவந்தார். சர்க்கரை போடாத முந்திரி பர்பி. சர்க்கரை இல்லாத குறையை நெய்யால் சரிக்கட்டியிருந்தார்கள். டப்பா காலியாகும்வரை பக்கத்திலேயே நின்றார். அடுத்த பார்ட்டியில் நம் ஊர் வழக்கத்தை நம்பினேன். இலையை மடித்துவிட்டால் போதும், எப்பேர்ப்பட்ட பந்தியிலும் பரிமாறுகிறவர் அடுத்த ஆளிடம் போய்விடுவார் அல்லவா. இங்கே இலை ஏது? காகிதத் தட்டுதான். பாதி சாப்பிட்டதும் அதை அழகாக என் பக்கமாக மடித்து வைத்துவிட்டு, தப்பித்தோம் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆண்ட்டி பார்த்தார். "அச்சா, வீட்டுக்குக் கொண்டுபோகணுமா? வாய் திறந்து கேக்கக் கூடாதா, பேட்டா?" என்று கொண்டைக்கடலைச் சோலே, பூரி, குலாப் ஜாமூன் எல்லாவற்றையும் கட்டிக் கையில் கொடுத்துவிட்டார்.

உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொன்னேன் ஐயா. தீபாவளிப் பார்ட்டியில், அத்தனை பேர் நடுவில், "ஆண்ட்டி ஜி, எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், என் லிவரை அக்காவுக்குக் கொடுக்கணும்" என்றேன். மொத்தக் கூட்டமும் சிரித்தது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஃப்யூஸ் போனால் 'ஆண்ட்டி, உங்க வீட்டு கரண்ட் கோவிச்சுக்கிட்டு மாமியார் வீட்டுக்குப் போயிருக்கு' என்று வருடக்கணக்கில் ஜோக்கடித்தவன் நான். என் வாயிலிருந்து வந்தால் மரண அறிவிப்புக்கும் கை தட்டுவார்கள். ஆண்ட்டி கண்ணில் வந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "ஜோக்கர் ஹை பூரா", அதாவது முழுக் கோமாளி என்று சொல்லி இன்னொரு கச்சோரியை வாயில் வைத்தார்.

கடைசியாக ஒரு பெரிய மூளை வேலை செய்தேன். செவ்வாய்க்கிழமை விரதம் என்று அறிவித்தேன். நம் ஊரில் விரதம் என்றால் என்ன? பச்சைத் தண்ணீர், காய்ந்த முகம், கிட்டே வருகிறவர் மேல் எரிச்சல். அதை நினைத்துத்தான் சொன்னேன். டெல்லி விரதம் வேறு ஜாதி. அரிசி, கோதுமைதான் கூடாது. மற்றதெல்லாம் கூடும். கூடும் என்பதைவிட, கூட்டமாக வரும். அந்தச் செவ்வாய்க்கிழமையே ஆண்ட்டி படியேறி வந்தார். செவ்வாய் இங்கே அனுமனுக்கு உரிய நாள். மதராஸிப் பையன் அனுமனுக்கு விரதம் இருக்கிறானே என்று அவருக்குக் கண் கலங்கியிருந்தது. தட்டில் விரத மாவில் பொரித்த பூரி, நெய்யில் புரட்டிய உருளைக்கிழங்கு, வேர்க்கடலை போட்ட ஜவ்வரிசி, தாமரை விதைப் பாயசம். சாமி பெயரைச் சொல்லிக் கொடுப்பதை எப்படி மறுப்பது? அதற்கப்புறம் ஒரு செவ்வாய்கூடத் தவறவில்லை. வாரத்தில் மற்ற நாள் சாப்பிடுவதைவிட விரத நாளில் அதிகம் சாப்பிட்ட ஒரே தமிழன் நானாகத்தான் இருப்பேன்.

மருந்துக் கடையில் எடை பார்க்கப் போனோம். முள் முன்பு இருந்த இடத்தைத் தாண்டி நின்றது. மல்லிகா என்னைப் பார்க்காமல் முள்ளைப் பார்த்துச் சொன்னாள், "குறைக்கச் சொன்னா ஏத்திட்டு வந்திருக்கீங்க. மதினிக்குப் பாதி ஈரல் போதும்னுதானே சொன்னாங்க? நீங்க ஊருக்கே பந்தி போடறதுக்கு வளக்குறீங்களா?"

வீட்டுக்கு வந்தால் அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் மஞ்சள் ஏறியிருந்தது. கால் வீங்கியிருந்தது. எதிரே அலமாரியில் இனிப்பு டப்பாக்கள் கூரை வரைக்கும். அவளுக்கு அதில் ஒரு துண்டு உள்ளே போகாது. எடையைக் கேட்டாள். சொன்னேன். டப்பாக்களைக் கையால் காட்டினாள்.

"தம்பி, உனக்கு இஷ்டமில்லைன்னா சொல்லிரு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். இப்படித் தின்னே தட்டிக் கழிக்காதடா."

நான் எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். இதைப் போல ஒன்றும் உறைத்ததில்லை. அவள் திட்டவே இல்லை என்பதுதான் காரணம். "அப்படியில்லக்கா, அவங்க விடமாட்டேங்கிறாங்க" என்றேன். எனக்கே அது பொய் மாதிரி கேட்டது. கொடுத்தது அவர்கள்தான். மென்றது யார்?

அந்த வாரமே ஆண்ட்டிக்குக் கல்யாண நாள் பார்ட்டி. "நானும் வர்றேன்" என்றாள் அக்கா. ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து இறங்கி வந்தாள். என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கேக் வெட்டியதும் வழக்கம்போல ஆண்ட்டி லட்டோடு என்னை நோக்கி வந்தார். "பஸ் ஏக்" என்று கை என் வாய்க்கு வந்தது. அக்கா அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இழுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. சும்மா பிடித்துக்கொண்டாள். பாட்டுப் போட்டவர் அதை நிறுத்திவிட்டார்.

அக்கா தன் கண் இமையை விரலால் இழுத்து மஞ்சளைக் காட்டினாள். சால்வையை விலக்கி வீங்கிய வயிற்றைக் காட்டினாள். பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்து, என் விலாவின் வலது பக்கத்தில் ஒரு விரலால் கோடு போட்டாள். அங்கேயிருந்து எதையோ அள்ளி எடுப்பது போல எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். கடைசியில் அந்த லட்டைக் காட்டி, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"நான் இருக்கணும் தாயி" என்று தமிழிலேயே சொன்னாள்.

ஆண்ட்டி என்னைப் பார்த்தார். "அன்னிக்குச் சொன்னது ஜோக் இல்லையா?"

"இல்லை, ஆண்ட்டி ஜி."

லட்டு அவர் கையிலேயே பொடிந்துவிட்டது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சொந்தப் பார்ட்டியில் அவர் அன்றைக்கு ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

இத்தோடு எனக்கு விமோசனம் வந்துவிட்டது என்று நினைத்தால் உங்களுக்கு டெல்லியைத் தெரியாது. மறுநாள் காலையிலேயே ஆண்ட்டி படியேறி வந்தார். கையில் ஒரு பெரிய டம்ளர். சுரைக்காய்ச் சாறு. "பஸ் ஏக்" என்றார். மத்தியானம் வேகவைத்த சுரைக்காய். சாயங்காலம் சுரைக்காய் சூப். தெரு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார். எந்த வீட்டில் ஃபேன் மாட்டப் போனாலும், "இவனுக்கு ஒண்ணும் கொடுக்காதீங்க, ஆண்ட்டி உத்தரவு" என்று சமோசாவை என் மூக்குக்கு முன்னால் கொண்டுபோய் அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். டீக்கடைக்காரர்கூட என்னைப் பார்த்ததும் பக்கோடாவை மூடி வைத்தார். வருடக் கடைசிப் பார்ட்டியில் எல்லோரும் ஆடிக்கொண்டிருந்தபோது, எனக்கென்று தனித் தட்டில் ஆவி பறக்கச் சுரைக்காய் வந்தது. தின்று முடித்துப் பழக்க தோஷத்தில் தட்டை மடித்தேன். கட்டிக் கொடுத்தார், இன்னும் கொஞ்சம் சுரைக்காய். அன்பில் இவர்களுக்கு அளவு தெரியாது. முன்பு லட்டு, இப்போது சுரைக்காய். வழி மட்டும் அதேதான், நேராக வாய்.

புது வருடத்து ஸ்கேனில் டாக்டர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "நல்லா குறைஞ்சிருக்கு. இப்ப கொடுக்கலாம்" என்றார். வெட்டினாலும் ஈரல் வளருமாம். அக்காவுக்குள் போவதும் வளரும், எனக்குள் மிஞ்சுவதும் வளரும். கேட்டுக்கொண்டிருந்த மல்லிகா, "இவருக்கு வளர்றதுக்குச் சொல்லியா தரணும்?" என்று முணுமுணுத்துவிட்டு, திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு ராத்திரி அக்கா உப்பில்லாக் கஞ்சி, நான் சுரைக்காய். அக்காவுக்கு ஒரு யோசனை.

"ஏண்டா, ஊருக்குப் போனப்புறம் உன் பாதி என்கிட்ட வெண்ணெய் பராட்டா கேட்டுச்சுன்னா விருதுநகர்ல நான் எங்க போவேன்?"

"சுரைக்காய் கொடு. வாயை மூடிக்கிரும்."

"இங்க இருக்கிற பாதி?"

"அது காரச்சேவு கேக்கும்க்கா. நீ அனுப்பி விடு."

ஆப்பரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். அதற்குள் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எல்லாம் நல்லபடியாக முடிந்து அக்கா ரயிலேறும்போது நான் பிளாட்பாரத்தில் நிற்பேன். பக்கத்தில் ஆண்ட்டி எதையாவது கட்டிக் கொடுத்துக்கொண்டிருப்பார். சீரியல் பல்பு, கல்யாணப் பந்தல் விளக்கு என்று ஏதாவது ஒரு வேலையால் நான் ஊருக்குப் போகிற பயணம் ஒவ்வொரு வருடமும் தள்ளிப்போகும். இந்த வருடம் அப்படியில்லை. ஏணியில் ஏறுகிற பாதி இங்கே கையாட்டிக்கொண்டு நிற்கும். இன்னொரு பாதி ஜன்னலோர சீட்டில், அக்காவின் சால்வைக்குள்ளே, டிக்கெட் எடுக்காமல் ஊருக்குப் போய்க்கொண்டிருக்கும்.