ஷட்டர் இறக்கும் காட்சி

கிறிஸ்துமஸ் படம் என்றால் எங்கள் வீட்டில் ஆளுக்கொன்று. எனக்கு, தொலைந்துபோன நாய் பனியில் நடந்தே வீடு வந்து சேரும் படம். நாய் தெருமுனையைத் தொடுவதற்குள் நான் அழுது முடித்திருப்பேன். என் வீட்டுக்காரருக்கு, கிறிஸ்துமஸ் தாத்தா லிஃப்டில் மாட்டிக்கொள்ளும் படம். ஜோக் வருவதற்கு முன்பே தான் சிரித்துவிட்டு, நாங்கள் ஏன் சிரிக்கவில்லை என்று முறைப்பார். அக்காவுக்கு மட்டும் முழுப் படமே வேண்டாம். ஒரு பேக்கரிக்காரர் கடை ஷட்டரை இறக்குகிற காட்சி போதும்.

அந்தப் பேக்கரிக்காரர் வேற்று மொழிக்காரர். தமிழில் அவருக்குக் குரல் கொடுத்தவர் என் அத்தான், அக்காவின் கணவர்.

அத்தான் டப்பிங் கலைஞர்தான், ஆனால் ஒரு நாளும் கதாநாயகனுக்குப் பேசியதில்லை. டாக்ஸி டிரைவர், இரண்டாவது போலீஸ்காரர், கூட்டத்தில் "பிடி, பிடி" என்று கத்துகிறவர் என்றுதான் பிழைப்பு ஓடியது. அந்தத் தொழிலில் ஒரு சலுகை உண்டு. வாய் தெரிந்தால் வசனத்தை உதட்டசைவுக்குள் அடக்கியாக வேண்டும். ஆள் முதுகைக் காட்டி நின்றால் அந்தத் தொல்லை கிடையாது; மூலத்தில் இல்லாத வார்த்தையைக்கூட நைசாக நுழைத்துவிடலாம். "முதுகு நமக்குச் சொந்தம்" என்பார் அத்தான். "இன்னைக்கு யாரு முதுகுக்குப் பேசுனீங்க?" என்று நானும் விடாமல் கிண்டல் செய்வேன்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரி வரவேற்பில் போன் எடுக்கிற வேலை. நாளெல்லாம் ஊராரின் காய்ச்சலுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். மதியம் ஸ்டூடியோ இடைவேளையில் அத்தான் அந்த நம்பருக்கே கூப்பிடுவார். ஒரே கேள்விதான்: "சாப்டியா?" அவர் கேட்கும்வரை அக்கா டிபன் பாக்ஸைத் திறக்க மாட்டாள். அங்கே ரெக்கார்டிங் இழுத்தால் இங்கே இவள் வயிறு காயும். "அவர் கேக்கலைன்னா உங்களுக்குப் பசிக்காதா?" என்று ஒரு நர்ஸ் கேட்டாளாம். "பசிக்கும். சாப்பிடத்தான் தோணாது" என்றாளாம் இவள். இதையெல்லாம் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் வீட்டுக்காரர் இத்தனை வருஷத்தில் ஒரு நாள் அப்படிக் கேட்டிருப்பாரா என்பது வேறு விஷயம்.

படத்துக்கு வருகிறேன். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகக் கிளம்பிய பெண் ஒருத்தி, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டுப் பேக்கரி வாசலில் பனியில் நிற்கிறாள். பேக்கரிக்காரர் அவளுக்கும் நமக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு ஷட்டரை இறக்குகிறார். மூலப் படத்தில் அங்கே பேச்சே இல்லை. அத்தான் சும்மா விடுவாரா, "சாப்டியா?" என்று ஒன்றை நுழைத்துவிட்டார். முதன்முறை டிவியில் வந்தபோது அக்கா முகம் சிவந்துபோய், "ஊரே கேக்குற மாதிரியா கேப்பாங்க?" என்றாள். "உன்னைத்தான் கேட்டேன். ஊரு கேட்டா கேட்டுட்டுப் போகட்டும்" என்றார் அவர்.

அத்தான் இறந்த பிறகு அக்கா எங்களோடுதான் இருக்கிறாள். கிறிஸ்துமஸ் மதியம் அதே சேனலில் அதே படம் வரும். தட்டில் சோற்றைப் போட்டு மூடி வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். பேக்கரிக்காரர் கேட்டதும் "இல்ல, இதோ" என்பாள். அப்புறம்தான் கை தட்டுக்குப் போகும். போனில் பதிவு செய்து தருகிறேன் என்று என் வீட்டுக்காரர் தலைகீழாக நின்று பார்த்தார். "வேண்டாம். நினைச்சப்ப தட்டிவிட்டுக் கேக்கறதுக்கா? அவரு கூப்பிடுற நேரத்துக்குத்தான் கூப்பிடணும்" என்று ஒரே பிடியாக நின்றாள்.

இந்த வருஷம் விளம்பரத்தில், புத்தம் புதிய குரல்களில் அந்தப் படம் என்று போட்டார்கள். அக்காவிடம் சொன்னேன்.

"வாயைத்தானே மாத்தியிருப்பாங்க. முதுகை யாரு தொடப்போறா?" என்றாள்.

படம் ஓடியது. பேக்கரிக்காரருக்கு இளசான குரல். "நல்லாத்தான் பேசுறான் பையன்" என்றாள் அக்கா, நியாயமாக. பஸ் போனது. அந்தப் பெண் வந்து நின்றாள். அவர் திரும்பி ஷட்டரைப் பிடித்தார். அக்கா கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். தகரம் கரகரவென்று இறங்கும் சத்தம் துல்லியமாகக் கேட்டது, பூட்டு விழும் சத்தமும் கேட்டது. அவ்வளவுதான். சோப்பு விளம்பரம் வந்துவிட்டது.

படம் முடிந்தும் தட்டு மூடியபடியே இருந்தது.

"சோறு ஆறிடுச்சுக்கா. எடுத்துக்கோ."

"இன்னும் கேக்கலையேடி" என்றாள். ரெக்கார்டிங் இழுத்துக்கொண்டு போகிற நாளில் சொல்வதைப் போல, சாதாரணமாக.

அந்த மனுஷன் ஒரே ஒரு தடவை கூப்பிட மாட்டாரா என்று எனக்கும் ஏக்கமாக இருந்தது. எழுந்து சமையலறைக்குள் போனேன். அவளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, முடிந்தவரை குரலைத் தடிமனாக்கிக்கொண்டு, "சாப்டியா?" என்றேன்.



"அவருக்கு ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்கு" என்றாள் அக்கா கூடத்திலிருந்து. குரல் உடைந்திருந்தது. பிறகு, "இல்ல, இதோ" என்றாள். தட்டு மூடியை எடுக்கும் சத்தம் கேட்டது. திரும்பினால் என் வாய் தெரிந்துவிடும் என்று நான் அப்படியே நின்றேன்.