குளத்துக்குள் ஓர் அடுக்களை

எங்கள் அம்மா காலமாகி இந்த ஐப்பசியோடு ஓராண்டு நிறைகிறது. அம்மாவை அறிந்தவர்களின் கைக்குத்தான் இந்த நினைவு மலர் வந்து சேரும். ஆகவே அம்மா குணவதி, விருந்து பேணுவதில் மகா சமர்த்து என்றெல்லாம் நான் அடுக்கப் போவதில்லை. அம்மாவின் கையால் சாப்பிடாதவர் உங்களில் யார்? அம்மா ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த கேள்விகளைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். அவற்றில் ஒரு கேள்வியால்தான் நான் இன்று இந்த ஊரில், இந்த வீட்டில், சந்தோஷமாக இருக்கிறேன்.

அம்மா பிறந்தது திருவட்டாறு. ஆறு மூன்று புறமும் வளைந்தோடும் ஊர். கோயில் மணியும் ஆற்றுச் சத்தமும் கேட்டே அம்மா வளர்ந்தார்கள். கல்யாணமாகி வில்வண்டியில் வந்து இறங்கிய கரும்பொற்றையிலோ ஆறும் இல்லை, பெயர் சொல்லும்படியான கோயிலும் இல்லை. தலைக்குமேல் ஒரு மொட்டைப் பாறை. அதன் அடியில் வீடுகள். வீடுகளுக்குக் கீழே குளம். குளத்துக்குக் கீழே வயல். பேச்சிப்பாறைத் தண்ணீர் நாஞ்சில் நாட்டில் எங்கெங்கோ ஓடுகிறது, எங்கள் மேட்டுக்கு மட்டும் ஏறாது. மழை பெய்தால் குளம் பெருகும், குளம் பெருகினால் சோறு. எங்கள் ஊரின் பூகோளம் அவ்வளவுதான். சரித்திரம் என்று ஒன்று உண்டா என்று அம்மாவுக்கு முன்னால் யாரும் கேட்டதில்லை.

அம்மா வந்த புதிதிலேயே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ராத்திரியானாலும் இந்தப் பாறை ஏன் ஆறுவதில்லை? கிழக்கே இருக்கிற கிணற்றில் மட்டும் தண்ணீர் ஏன் துவர்க்கிறது? பேச்சில் மேற்கத்தி வாடை வேறு. "மலையாளத்துக்காரி வாயைத் தொறந்தா கேள்விதான்" என்று ஊரே சிரித்திருக்கிறது. அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, அடுத்த கேள்வியைக் கேட்பார்களாம்.

முதல் பங்குனி உத்திரத்தன்றுதான் அந்தப் பெரிய கேள்வி பிறந்தது. எங்கள் ஊரில் இரண்டே குடும்பங்கள், மேலவீடு, கீழவீடு. நாங்கள் கீழவீடு. இரண்டு வீட்டுக்கும் சாஸ்தா பாறையடியில் இருக்கிறார். அங்கே ஒரு பெரிய கல்லும் ஒரு சின்னக் கல்லும் உண்டு. பெரியது சாஸ்தா, சின்னது அவருக்குக் காவல் நிற்கும் பூதம் என்று சொல்லுவார்கள். பெண்கள் தள்ளி நின்றுதான் பொங்கலிடுவோம். பொங்கல் முடிந்ததும் மேலவீட்டார் சாஸ்தாவின் முன்னாலேயே தேங்காய் உடைப்பார்கள். கீழவீட்டார் மட்டும் கடைசித் தேங்காயை எடுத்துக்கொண்டு குளக்கரைக்கு இறங்கி, அங்கே ஒரு கல்லில், குளத்தைப் பார்த்து உடைப்பார்கள்.

"சாஸ்தா இங்கன இருக்காரு. தேங்காயை மட்டும் என்னத்துக்கு அங்க கொண்டு போறிய?" என்று அம்மா கேட்டார்கள்.

அப்பாவின் அண்ணனான என் பெரியப்பா, "பண்டே அப்படியாக்கும். நீ பொங்கலைக் கிண்டு பிள்ளே, அடி பிடிச்சிரப் போவுது" என்றார்களாம்.

பொங்கல் அடி பிடிக்கவில்லை. கேள்வி பிடித்துக்கொண்டது.

அடுத்தது அடுக்களைப் பள்ளம். எருமை குளிப்பாட்டுகிறவர்கள் குளத்தின் நடுவிலுள்ள ஓர் ஆழத்தை அப்படித்தான் சொல்வார்கள். நாங்கள் பிறந்தது முதல் கேட்ட பெயர், எங்களுக்கு அதில் ஒரு விசேஷமும் தோன்றியதில்லை. அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. "குளத்துக்குள்ள அடுக்களை எப்படி வரும்? அடுக்களை இருந்தா வீடு இருந்திருக்கணும்லா? வீடு இருந்தா ஆளும் இருந்திருக்கணும்லா?" என்று அப்பாவை நச்சரிப்பார்கள். அப்பா அதிகம் பேசாதவர்கள். "மீனுக்குப் பசிக்காதா? அது பொங்கித் திங்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார்கள்.

எனக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகளை அம்மா பறிகொடுத்தவர்கள். நான் ஒருத்திதான் தங்கினேன். அதனால் என்னைத் தூர இடத்தில் கொடுக்க அம்மாவுக்கு மனமில்லை. எனக்கு வயது வந்தபோது மேலவீட்டிலிருந்து, இன்று என் மாமியாராக இருப்பவர்கள், வேலியருகே நின்று தங்கள் மகனுக்குப் பெண் கேட்டார்கள். அவர்கள் குழித்துறையிலிருந்து வாழ வந்தவர்கள். "கண்காணாத இடத்துல கெட்டிக் குடுக்கதுக்குப் பதிலா, பிள்ளைய எங்களுக்குத் தந்திருங்க. நடுவில ஒரு வேலிதானே" என்றார்கள். எனக்கு விருப்பமா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. இப்போது நானே சொல்லிவிடுகிறேன், இருந்தது. நிறைய இருந்தது.

பெரியப்பா குதித்தார்கள். "ஒரே சாஸ்தாவைக் கும்பிடுகவன் பங்காளி. அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் கலியாணமா? கேட்டா நாலு ஊரு காறித் துப்பும்!" இரண்டு வீட்டாரும் காலங்காலமாக வெளியிலிருந்தே பெண்ணெடுத்து, வெளியிலேயே பெண் கொடுத்து வந்ததால் அதுவரை இந்தப் பேச்சு எழுந்ததே இல்லை. பெரியப்பா அத்தோடு விடவில்லை. குளச்சல் பக்கம் மனைவியை இழந்த ஒருவருக்கு என்னைப் பேசி, ஆவணி பிறந்ததும் வெற்றிலை மாற்றுவதாக வாக்கும் கொடுத்துவிட்டார்கள். அப்பா வழக்கம்போல் துண்டை உதறிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்கள். நான் அழுதேன். அம்மா அழவில்லை, யோசித்தார்கள்.

அந்த ஆண்டு வைகாசியில் தொடங்க வேண்டிய இடவப்பாதி மழை பொய்த்தது. கன்னிப்பூ என்கிற முதல் போகப் பயிர் கதிர் பிடிக்காமலே கருகியது. ஆடியில் குளம் வற்றித் தரை பாளம் பாளமாக வெடித்தது. ஊர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா மட்டும் குளத்தின் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் காலையில் அப்பாவை மண்வெட்டி எடுத்து வரச் சொல்லி, என்னையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு குளத்துக்குள் இறங்கினார்கள்.

முதலில் அடுக்களைப் பள்ளம். அங்கே பாதி உடைந்த அம்மி ஒன்று சேற்றில் புதைந்து கிடந்தது. அதைக் கண்டதும் அம்மா, "பாத்தியளா! மீனு சட்னி அரைச்சிருக்கு பாத்தியளா!" என்று அப்பாவைப் பார்த்துக் கூவினார்கள். பக்கத்தில் வீட்டு அஸ்திவாரம் போல் கல் வரிசை ஓடியது. பிறகு அம்மா கரைக்குப் போய், நாங்கள் தேங்காய் உடைக்கும் கல்லின் அருகே நின்று, தேங்காய் உடைக்கையில் அப்பா எப்படி முகம் வைத்து நிற்பார்களோ அப்படியே நின்று, நேரே நடந்து வந்தார்கள். கல் வரிசையின் அருகே அம்மா நின்ற இடத்தில் அப்பா வெட்டினார்கள். சதுரமான கல் பீடம் ஒன்று கிடைத்தது. அதன் நடுவில் ஒரு குழி.

அம்மா மூச்சிரைக்கப் பேசினார்கள். "நம்ம ஆளுக இங்கனதான் குடியிருந்திருக்கு. குளம் வெட்டினப்போ மேட்டுக்கு ஏறிப் போயிருக்கு. போறப்போ சாமிய விட்டுட்டா போவும்? பாறையடியில மேலவீட்டுச் சாஸ்தா முன்னமே இருந்தாரு. நம்ம சாமியக் கொண்டு பக்கத்துல வச்சிருக்கு. அந்தச் சின்னக் கல்லு பூதம் இல்ல, அதுதான் நம்ம சாஸ்தாவாக்கும்! அவரு அங்க விருந்தாளி. அதான் தேங்கா மட்டும் பழைய வீட்டுக்கு வருது. சாஸ்தா ரெண்டுன்னா ரெண்டு வீடும் பங்காளி இல்லல்லா?"

சத்தம் கேட்டு இரண்டு வீட்டாரும் கூடிவிட்டார்கள். பெரியப்பா வந்து பார்த்தார்கள். "கல்லு எங்கதான் கிடக்கல்ல? அம்மி கிடந்தா வீடு, குழி கிடந்தா கோயிலா?"

"அப்பம் அளந்து பாருங்க அத்தான். சின்னக் கல்லுக்க அடி இந்தக் குழியில கொள்ளுதான்னு பாருங்க. கொள்ளல்லைன்னா பிள்ளைய நீங்க சொன்ன இடத்துலயே குடுங்க. நான் பிறவு வாயைத் தொறக்கல்ல."

அம்மா வாயைத் திறக்காமல் இருப்பதா! அம்மா என்னையல்லவா பணயம் வைத்தார்கள்.

பெரியப்பா கிணற்றடியில் குளித்து, ஈர வேட்டியோடு, அளவெடுக்க ஒரு தென்னை ஈர்க்கில் குச்சியை உரித்து எடுத்துக்கொண்டு பாறையடிக்கு ஏறினார்கள். அப்பா கூடப் போக எழுந்தபோது, வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார்கள். நெடுநேரம் ஆயிற்று. திரும்பி வந்தவர்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. குளத்துக்குள் இறங்கி, குனிந்து, கல்லின் அடிக்கு அளவெடுத்து வந்த ஈர்க்கிலைக் குழியில் வைத்தார்கள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை சரியாக உட்கார்ந்தது. குறுக்கே திருப்பி வைத்தார்கள், அப்போதும் உட்கார்ந்தது. பெரியப்பா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்து, "ஏலே, கலியாணப் பந்தலுக்கு ஓலைக்குச் சொல்லு" என்றார்கள். எங்கள் அப்பா தோளில் கிடந்த துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்கள்.

ஐப்பசி மழையில் குளம் பெருகி, பீடத்தை மூடிக்கொண்டது. தையில் எனக்குக் கல்யாணம். வேலியில் ஒரு திட்டிவாசல் வைத்தார்கள். அம்மாவின் கேள்விகள் அதன் வழியாக என் வீட்டுக்கும் வரத் தொடங்கின. குளத்தை வெட்டியது யார்? நம்மோடு அங்கே இருந்த மற்றவர்கள் எங்கே போனார்கள்? கோட்டாற்றுச் சந்தைக்குப் போனால் காய் விற்பவர்களிடம்கூட, "உங்க ஆளுக பண்டு எந்தக் குளத்துக்குள்ள இருந்து வந்ததாக்கும்?" என்று கேட்பார்கள். அவர்கள் விழிப்பார்கள். என் வீட்டுக்காரர் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள்.

அப்பா போன பிறகு அம்மாவின் உடம்பும் தளர்ந்தது. கடைசிப் பங்குனி உத்திரத்துக்கு எழுந்து வர முடியவில்லை. பெரியப்பா குளக்கரையில் உடைத்த தேங்காயில் ஒரு துண்டை எடுத்து வந்து அம்மாவின் தலைமாட்டில் வைத்தார்கள். ஐப்பசியில், மழை இரைந்துகொண்டிருந்த ஒரு பகலில், அம்மா என் மடியில் அமைதியாகக் கண்மூடினார்கள்.

அம்மாவுக்குக் கடைசிவரை கஷாயம் காய்ச்சிக் கொடுத்த வைத்தியருக்கும், கொட்டும் மழையில் தோள் கொடுத்தவர்களுக்கும், திருவட்டாற்றிலிருந்து நனைந்துகொண்டே வந்து சேர்ந்த மாமாமாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வேலியருகே நின்று என்னைக் கேட்ட என் மாமியாருக்கு நான் தனியாகக் கடமைப்பட்டிருக்கிறேன். அந்த ஆண்டு பெய்யாமல் போன மழைக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ஊர் பட்டினி கிடந்ததை நினைத்தால் நா எழவில்லை.

பெரியப்பாவுக்குச் சொல்ல வேண்டியதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். தேங்காய்த் துண்டோடு வந்த அன்று அம்மா அவர்களைப் பார்த்து, "அத்தான், அன்னைக்கு ஈர்க்கில் நீளமாப் போயிருந்தா என்ன செய்திருப்பிய?" என்று கேட்டார்கள்.

"ஒடிச்சிருப்பேன்" என்றார்கள் பெரியப்பா.

அம்மா அவர்களை ஏறிட்டுப் பார்த்தார்கள். 'ஒடிச்சியளா?' என்று அடுத்ததாகக் கேட்கப் போகிறார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். அம்மா சிரித்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். என் நினைவு தெரிந்து அம்மா கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அது.

இதை மலரில் எழுதலாமா என்று பெரியப்பாவிடம் கேட்டேன். "எழுது மக்கா" என்றார்கள். மற்றதை நானும் கேட்கவில்லை. குளம் இந்த ஆண்டு நிறைந்து மறுகால் பாய்கிறது.